83 திரும்பி வரவில்லை

172, 83, 0, 0.

புரோகிராமர் ஒரு மைக்ரோகண்ட்ரோலரைச் சந்தித்ததும் முதலில் சொல்வது இந்த நான்கு எண்களைத்தான். புரோகிராமர் என்றால் இங்கே ஆள் இல்லை. விரல் நீளப் போர்டு ஒன்று. ஒரு முனை கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளையில் இருக்கும், மறுமுனையிலிருந்து ஆறு ஒயர்கள் அந்த மைக்ரோகண்ட்ரோலர் சிப்புக்குப் போகும். முதல் இரண்டு எண்களுக்கும் சேர்த்து ‘உனக்குள் எழுத வந்திருக்கிறேன், தயாராகு’ என்று பொருள். மூன்றாவது எண் போய்க்கொண்டிருக்கும்போதே சிப் எதிர்த்திசையில் 83-ஐத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால், காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். சொல்லாவிட்டால் திரையில் ஒரு வரி வந்து நிற்கும்: எதிரில் இருப்பது பதில் சொல்லவில்லை.

கொல்கத்தாவில் இந்த வரியைப் பார்த்து நொந்துபோனவர்கள் வந்து சேரும் இடம் சாந்தினி. தில்லியின் சாந்தினி சௌக் வேறு. இது எஸ்பிளனேடுக்கு அடுத்த மெட்ரோ நிலையம். மேடன் தெரு, கணேஷ் சந்திர அவென்யூ என்று அக்கம்பக்கம் முழுவதும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள். சென்னைக்காரரிடம் இதை விளக்க ‘கொல்கத்தாவின் ரிச்சி தெரு’ என்றால் போதும். பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள், இன்வர்ட்டர் மெக்கானிக்குகள், துர்கா பூஜைப் பந்தலுக்கு விளக்கு கட்டுகிறவர்கள் என எல்லோருக்கும் இங்கே வேலை இருக்கும்.

விளக்கு கட்டுவது என்று லேசாகச் சொல்லிவிடக் கூடாது. கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் சந்தன்நகர் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர்; அந்தக் காலத்தில் அதன் நிர்வாகம் நம் புதுச்சேரியின் கீழ்தான் இருந்தது. வங்காளத்தின் பந்தல் விளக்குகளுக்கு அதுதான் தாய்வீடு. ஓடும் ரயில், தோகை விரிக்கும் மயில் போன்ற காட்சிகளை முன்பு இயக்கியது சுழலும் உருளை. அதன் மேல் ஒட்டியிருக்கும் உலோகத் தகடுகள் முறைவைத்து ஒயர்களைத் தொடத் தொட, பல்புகள் முறைவைத்து எரியும். நிரல் என்பது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தது. தோகை விரியவில்லையென்றால் உருளையைக் குனிந்து பார்த்தால் போதும், எந்தத் தகடு பெயர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்று உருளை இருந்த இடத்தில் ஒரு கறுப்புச் சிப். அதைக் குனிந்து பார்த்துப் பயனில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அது பேசவில்லையென்றால், ஏன் பேசவில்லை என்பதையும் அந்தப் பேச்சிலிருந்தேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஆட்மெகா328பி என்ற சிப்பை வைத்துக்கொள்வோம். 28 கால்கள், 32 கிலோபைட் நிரல் நினைவகம். அர்டுயினோ உனோ போர்டின் மூளையாக நெடுங்காலம் இருந்தது இதுதான். நார்வேயின் டிரோண்ட்ஹைம் நகரில் ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரண்டு மாணவர்களின் யோசனையில் உருவான ஏவிஆர் குடும்பத்தைச் சேர்ந்தது. அட்மெல் நிறுவனம் 1990களில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது; 2016-ல் மைக்ரோசிப் நிறுவனம் அட்மெலையே வாங்கிவிட்டது. புரோகிராமராக யூஎஸ்பிஆஸ்பை வைத்துக்கொள்வோம். தாமஸ் ஃபிஷல் வடிவமைத்து யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டது. கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள். அதற்குள்ளே இருப்பதும் ஓர் ஏவிஆர் சிப்தான், ஆட்மெகா8. அதற்குள் நிரலை எழுத இன்னொரு புரோகிராமர் வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும். அப்படியானால் முதலாவதற்கு யார் எழுதியது என்று குடையத் தோன்றும். பழைய கம்ப்யூட்டர்களின் பிரிண்டர் துளையில் நேராக ஒயர் செருகி எழுதியவர்கள் இருந்தார்கள். கேள்வி அங்கே போய் நிற்கும்.

‘சிப்பை எடுக்க மாட்டேங்குது’ என்று சொல்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எது எதை எடுக்கவில்லை என்பதைத்தான். இங்கே நடப்பது இரண்டு உரையாடல்கள். கம்ப்யூட்டருக்கும் புரோகிராமருக்கும் இடையே ஒன்று, புரோகிராமருக்கும் சிப்புக்கும் இடையே ஒன்று. முதலாவது அறுந்திருந்தால் சிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. விண்டோஸில் டிரைவர் போடாமல் இருக்கலாம். நடுவில் கேபிள் இருந்தால், அது போன் சார்ஜ் ஏற்றுவதற்கென்றே வந்த, உள்ளே தகவல் ஒயர்களே இல்லாத கேபிளாக இருக்கலாம். மென்பொருள் சொல்லும் வாசகத்தைப் பொறுமையாகப் படித்தால் போதும். ‘யூஎஸ்பி கருவி கிடைக்கவில்லை’ என்றால் முதல் உரையாடல். ‘எதிரில் இருப்பது பதில் சொல்லவில்லை’ என்றால் இரண்டாவது. இதைப் பிரிக்காமல் சிப்பை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதில் போகிற மாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சுவாரசியம் இரண்டாவதில்தான். புரோகிராமரிடம் எட்டு பிட் கொண்ட ஒரு வரிசை இருக்கிறது, சிப்பிடம் எட்டு பிட் கொண்ட ஒரு வரிசை இருக்கிறது. கடிகார ஒயர் ஒருமுறை துடித்தால் மோசி என்ற ஒயர் வழியாக இங்கிருந்து ஒரு பிட் அங்கே போகும். அதே துடிப்பில் மிசோ என்ற ஒயர் வழியாக அங்கிருந்து ஒரு பிட் இங்கே வரும். இரட்டை வாளி போட்ட கிணறுதான் இது. ஒரு வாளி இறங்கினால் மற்றது ஏறித்தான் ஆக வேண்டும். ஏறி வருகிற வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அதனால் இந்த உரையாடலில் மௌனம் என்ற ஒன்றே கிடையாது. சிப் செத்திருந்தாலும், ஏன், சிப்பே இல்லாவிட்டாலும், எட்டுத் துடிப்புக்குப் பிறகு புரோகிராமரின் கையில் ஏதோ ஓர் எண் இருந்தே தீரும். மிசோ ஒயர் கிரவுண்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் எட்டு பிட்டும் பூஜ்யம், எண் 0. மேலே 5 வோல்ட் பக்கம் இழுபட்டிருந்தால் எட்டும் ஒன்று; எண் 255. எதிலும் ஒட்டாமல் தொங்கினால், பக்கத்து ஒயர்களின் துடிப்பையும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் வாங்கிக்கொண்டு கேட்கும்போதெல்லாம் வேறு வேறு எண் சொல்லும். 83 வந்தாலும் வராவிட்டாலும் நான்கு எண்களையும் அனுப்பி முடித்தாக வேண்டும் என்று சிப்பின் தரவேடு சொல்கிறது. வராவிட்டால், சிப்பை நிறுத்தி மறுபடி தொடங்கவைக்கும் ரீசெட் ஒயரின் மின்னழுத்தத்தை ஒருமுறை உயர்த்தி இறக்கிவிட்டு மறுபடி 172-லிருந்து தொடங்க வேண்டும். யூஎஸ்பிஆஸ்ப் இப்படி 32 முறை முயன்றுவிட்டுத்தான் கைவிடும்.

என் குறை என்னவென்றால், அந்த 32 முறையும் 83-க்குப் பதிலாக என்ன வந்தது என்பதை அது கம்ப்யூட்டரிடம் சொல்வதே இல்லை. வந்ததா, இல்லையா, அவ்வளவுதான். மருத்துவரிடம் அனுப்பும் ரிப்போர்ட்டில் காய்ச்சல் இருக்கிறது என்று மட்டும் எழுதிவிட்டு எத்தனை டிகிரி என்பதை விட்டுவிடுகிற வேலை. ஏவிஆர்டூட் போன்ற மென்பொருளைக் கட்டாயப்படுத்தி, ‘பரவாயில்லை, மேலே போ’ என்று ஆணையிட்டால் சிப்பின் கையெழுத்து எண்களையாவது படித்துக் காட்டும். மூன்றும் 0 என்றால் ஒரு கதை, மூன்றும் 255 என்றால் இன்னொரு கதை, ஒவ்வொரு முறையும் மாறினால் மூன்றாவது கதை. எட்டு ஒயர்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் லாஜிக் அனலைசர் இப்போது மலிவாகவே கிடைக்கிறது. அதைச் செருகிவிட்டால் புரோகிராமரின் 172, 83 எல்லாம் திரையில் சதுர அலைகளாக ஓடும். கேள்வி ஒயரில் அலை இருந்து பதில் ஒயர் தட்டையாகக் கிடந்தால், பழுதை எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஏவிஆர் சிப்புக்குள்ளும் தொழிற்சாலையிலேயே மூன்று எண்கள் பதிந்திருக்கும். ஆட்மெகா328பியிடம் கேட்டால் 30, 149, 15 என்று சொல்லும். 30 என்றால் அட்மெல். இரண்டாவது எண்ணில் 144-ஐக் கழித்துப் பாருங்கள்: 5. இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. 32 கிலோபைட் நினைவகம். ஆட்மெகா8 சொல்வது 30, 147, 7. கழித்தால் 3, இரண்டை மூன்று முறை பெருக்கினால் 8, அதன் நினைவகம் 8 கிலோபைட். மூன்றாவது எண் அந்த அளவுள்ள சிப்களுக்குள் இது இன்னது என்று பிரிப்பதற்கு. கடைக்காரர் 328பி என்று கொடுத்தது 30, 149, 20 என்று சொன்னால் அது ‘பி’ இல்லாத 328; வேலை செய்யும், ஆனால் மென்பொருளில் சரியான பெயரைத் தேர்ந்தெடுக்காதவரை அது எழுத மறுக்கும். 22 என்று சொன்னால் அது பிந்தி வந்த 328பிபி. இவற்றில் எதுவும் பழுதில்லை. வந்தவர் ஒருவர், அழைப்பிதழில் பெயர் வேறு.

மேலே அச்சிட்ட எழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அச்சடிப்பது இந்த வியாபாரத்தில் பழைய தந்திரம். 2010-ல் அமெரிக்காவின் ஸ்பார்க்ஃபன் நிறுவனம் ஆட்மெகா328 என்று வாங்கிய சரக்கு எதற்கும் பதில் சொல்லாமல் இருக்க, மேலுறையைக் கரைத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது சம்பந்தமே இல்லாத வேறு சிலிக்கான். மை பொய் சொல்லும், கையெழுத்து எண் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது. அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏடி90எஸ் என்ற பழைய ஏவிஆர் வகையில், உள்ளே இருக்கும் நிரலை யாரும் படிக்கக் கூடாது என்று முழுப் பூட்டுப் போட்டிருந்தால், கையெழுத்து கேட்டவருக்கு 0, 1, 2 என்று வரும். பெயர் சொல்ல விருப்பமில்லை என்பதை அந்தச் சிப் அப்படித்தான் சொல்லும்.

இனி ஒயர்கள். மோசியும் மிசோவும் மாறிப்போவது மிகச் சாதாரணம். சீரியல் போர்ட்டில் வேலை பார்த்துப் பழகியவர்கள், அனுப்பும் காலை வாங்கும் காலோடு குறுக்காக இணைக்க வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இங்கே குறுக்கு கிடையாது. மோசிக்கு மோசி, மிசோவுக்கு மிசோ. ஆட்மெகா328பியில் அவை முறையே 17, 18-ஆம் கால்கள், கடிகாரம் 19, ரீசெட் 1. கிரவுண்டு இரண்டு இடத்தில் இருக்கிறது, 8-லும் 22-லும். மின்சாரமும் இரண்டு இடத்தில், 7-லும் 20-லும். இருபதாவது கால் அனலாக் பகுதிக்குத்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு, விடக் கூடாது.

மின்சார இணைப்பில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏழாவது காலுக்குப் போகும் ஒயர் கழன்றே கிடந்தாலும் சிப் சில நேரம் பேசும். சிப்பின் பெரும்பாலான கால்களில் அதிக மின்னழுத்தத்திலிருந்து காப்பதற்காக மின்சாரக் கால் பக்கம் திறக்கும் ஒரு குட்டி டயோடு இருக்கும். மோசி ஒயரில் வரும் 5 வோல்ட் அந்த டயோடு வழியாகக் கசிந்து போய்ச் சிப் முழுவதற்கும் சோறு போட்டுவிடும். டயோடில் அரை வோல்ட்டுக்கு மேல் கழிந்து, மீதி நான்கு வோல்ட் சொச்சத்தில் சிப் அரைத் தூக்கத்தில் விழித்துப் பதில் சொல்லும். ஒரு நேரம் வேலை செய்கிறது, ஒரு நேரம் செய்யவில்லை என்ற புலம்பலைக் கேட்டால் முதலில் மல்டிமீட்டரை ஏழாவது காலில் வைத்துப் பார்க்க வேண்டும். 5 வர வேண்டிய இடத்தில் 4.3 வந்தால், சிப் பின்வாசல் வழியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அடுத்து, இந்தியா முழுவதும் ஒரே பெயரில் வழங்கும் வியாதி: லூஸ் காண்டாக்ட். சால்டர் இல்லாமல் ஒயர்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் துளைக்கு அடியில் ஒரு உலோகக் கவ்வி. அது ஒயரைப் பிடித்திருப்பதாக நாம் நினைக்கிறோம். நுண்ணிய அளவில் பார்த்தால் எந்த உலோகப் பரப்பும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இரண்டு பரப்புகள் தொடும்போது மேடும் மேடும் சந்திக்கிற ஒருசில புள்ளிகளில்தான் மின்சாரம் கடக்கிறது. அந்தப் புள்ளிகளின் மேல் துரு அல்லது ஆக்சைடு படலம் படிந்தால் அதுவும் போச்சு. கொல்கத்தாவின் மழைக்காலக் காற்றில் ஈரம் எவ்வளவு என்பது அங்கே ஒரு ஜூலை மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தத் தொல்லையை மிக நுணுக்கமாக ஆராய்ந்த ஒருவர், சாந்தினியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், காலேஜ் தெருவின் பிரசிடென்சி கல்லூரியில் வேலை பார்த்தார். ஜகதீஷ் சந்திர போஸ். 1890-ல் பிரான்சில் எத்வார் பிரான்லி ஒரு விசித்திரத்தைக் கவனித்திருந்தார். கண்ணாடிக் குழாயில் அடைத்த உலோகத் துருவல் வழியாக மின்சாரம் ஏறக்குறைய போவதே இல்லை. அருகில் ஒரு மின்பொறி தெறித்தால் திடீரென்று போகத் தொடங்கிவிடுகிறது. பொறியிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத அலை, துருவல்களுக்கு நடுவே இருந்த தடையை உடைத்துவிடுகிறது. இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் இதற்குக் கோஹியரர் என்று பெயர் வைத்தார். மின்காந்த அலையைக் கண்டுபிடிக்க உலகத்துக்குக் கிடைத்த முதல் நல்ல கருவிகளில் ஒன்று இது. சுருக்கமாகச் சொன்னால், வேண்டுமென்றே செய்த லூஸ் காண்டாக்ட்.

போஸ் 1894 முதல் 1896 வரை சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளை உண்டாக்கி, அவற்றைப் பிடிக்கும் கருவியில் துருவலுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கினார். ஒரு திருகால் அவற்றின் அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் சுவர்களைத் தாண்டி மணி அடிக்கவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் செய்தார். ஆனால் எஃகுச் சுருள்கள் அவரைப் படுத்தின. 1899-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போன அவருடைய கட்டுரையில் அந்தப் புகார் இருக்கிறது: வங்காளத்தின் வெப்பமும் ஈரமும் கலந்த தட்பவெப்பத்தில் இரும்பின் மேற்பரப்பு சீக்கிரம் ஆக்சைடு ஆகிவிடுகிறது, கருவியின் உணர்திறன் மாறிக்கொண்டே போகிறது. இந்தப் புகாரைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நூற்றாண்டு தாண்டியும் அதே காற்று, அதே உலோகம், அதே புலம்பல்.

போஸ் புலம்பலோடு நிற்கவில்லை. எந்தெந்த உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார். சில தொடர்புகள் அலை பட்டதும் நன்றாகக் கடத்தி அப்படியே ஒட்டிக்கொள்கின்றன, தட்டி உலுக்கினால்தான் பழைய நிலைக்கு வருகின்றன. சில தாமாகவே மீள்கின்றன. மெல்லிய எண்ணெய்ப் படலம் போர்த்திய பாதரசமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் ஒரு கருவியை அமைத்தார். அது தட்டாமலே மீண்டது. கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தைத் தொடும் ஒரு முனையைக் கொண்ட கருவிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைக்கடத்தியை வைத்துச் செய்த கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமை என்று அதைச் சொல்வார்கள். சிலிக்கான் சிப்களின் முன்னோர் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. தொடர்ந்து வேலை வாங்கினால் உலோகத் தொடர்பின் உணர்திறன் குறைவதையும் ஓய்வு கொடுத்தால் திரும்புவதையும் கவனித்துத்தான் அவர் உயிருள்ளவை, உயிரற்றவை இரண்டின் துலங்கலையும் பற்றிய தம் 1902-ஆம் ஆண்டு நூலுக்குப் போனார். அந்த நூலின் முடிவுகளையெல்லாம் இன்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு பொருளிடம் ஒரு கேள்வியைப் போட்டு, வரும் பதிலின் அளவையும் நேரத்தையும் வரைபடமாக எடுக்கும் அந்தப் பிடிவாதத்தைக் குறை சொல்ல முடியாது.

பிரெட்போர்டுக்குத் திரும்புவோம். தொடர்புப் புள்ளியில் இருக்கும் படலத்தை உடைக்க ஓரளவு மின்னழுத்தமும் மின்னோட்டமும் வேண்டும். தொலைபேசிப் பொறியாளர்கள் இதைத் தெரிந்துகொண்டு, பேச்சு மட்டும் போகிற இணைப்புகளில் படலம் வளராமல் இருக்கச் சிறிதளவு நேர்மின்னோட்டத்தையும் சேர்த்தே அனுப்புவார்கள். மோசி, மிசோ ஒயர்களில் ஓடுகிற மின்னோட்டமோ மிக மிகக் குறைவு. பழைய கவ்வியைச் சுத்தம் செய்யும் தெம்பு அதற்குக் கிடையாது. இதில் மல்டிமீட்டரும் நம்மை ஏமாற்றும். சிப்பின் காலில் முனையை வைத்து அழுத்தினால் பீப் என்று கத்தும், இணைப்பு சரி என்று நினைப்போம். உண்மையில் நம் அழுத்தம்தான் காலைக் கவ்வியோடு சேர்த்து வைத்தது. முனையை எடுத்ததும் அது மறுபடி விலகிவிடும். அழுத்தாமல், காலின் பக்கவாட்டில் லேசாகத் தொட்டு அளப்பதே சரி. அதைவிடச் சுருக்கமான வழி, ஒயரைப் பக்கத்துத் துளைக்கு மாற்றுவது. சால்டர் வைத்த போர்டாக இருந்தால் பளபளப்பில்லாமல் மங்கிப்போன ஈயத்தை மறுபடி உருக்கிவிடுவது. 

இணைப்பெல்லாம் சரி, மின்சாரம் சரி, சிப்பும் புதிது. அப்போதும் 83 வரவில்லையென்றால், புரோகிராமர் வேகமாகப் பேசுகிறது. கடையிலிருந்து வரும் ஆட்மெகா328பிக்குள் நொடிக்கு 80 லட்சம் முறை துடிக்கும் கடிகாரம் இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை அதை எட்டால் வகுத்து, 10 லட்சம் துடிப்பாகக் குறைத்தே அனுப்புகிறது. வெளியிலிருந்து வரும் கடிகார ஒயரைச் சிப் தன் சொந்தத் துடிப்புகளுக்கு இடையில்தான் கவனிக்கிறது. உயர்ந்திருப்பதை உணரச் சொந்தத் துடிப்பு இரண்டுக்கு மேல் வேண்டும், தாழ்ந்திருப்பதை உணரவும் அப்படியே. ஆக வெளித் துடிப்பு ஒன்றுக்கு உள் துடிப்பு நான்குக்கு மேல். 10 லட்சத்தை நான்கால் வகுத்தால் இரண்டரை லட்சம். அதற்குமேல் வேகமாகச் சொன்னால் சிப்புக்குப் புரியாது. யூஎஸ்பிஆஸ்பின் பழைய வழக்கமான வேகம் நொடிக்கு 3,75,000. புதுச் சிப் பதில் சொல்லாததில் வியப்பென்ன? இதற்காகவே அந்தப் போர்டில் ஜம்பர் போடும் இடம் ஒன்றை ஃபிஷல் விட்டிருக்கிறார். அதைக் குறுக்கினால் பேச்சு நிதானமாகிவிடும். ஏவிஆர்டூட்டிலும் வேகத்தைக் குறைக்கச் சொல்லலாம், ஆனால் சில நகல் புரோகிராமர்களின் உள்நிரல் அந்த ஆணையைக் கண்டுகொள்ளாது. ஒரு எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டுத் தன் வேகத்திலேயே போகும்.

வேகத்தைக் குறைத்தும் பலனில்லையென்றால் சந்தேகம் ஃபியூஸ்களின் மேல் போகிறது. சிப் எந்தக் கடிகாரத்தைக் கேட்டு நடக்க வேண்டும், ரீசெட் கால் ரீசெட்டாகவே இருக்க வேண்டுமா என்பன போன்ற அடிப்படை ஏற்பாடுகளை வைத்திருக்கும் சில பிட்கள் அவை. எதுவும் எரிவதில்லை. சுற்றிலும் காப்புப் பொருள் சூழ்ந்த ஒரு மிதக்கும் வாயிலில் எலெக்ட்ரான்களைச் சிறை வைப்பதுதான் முறை. 1967-ல் பெல் ஆய்வகத்தில் தாவோன் காங், சைமன் சே இருவரும் சொன்ன யோசனை. 85 டிகிரி வெப்பத்தில் 20 ஆண்டு, 25 டிகிரியில் 100 ஆண்டு அந்தச் சிறை தாங்கும் என்கிறது தரவேடு. 25 டிகிரி என்பதைக் கொல்கத்தாவில் ஜனவரி மதியத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் பலரைக் கவிழ்ப்பது தலைகீழ்க் கணக்கு. ஃபியூஸ் பிட் 0 என்றால் ‘போடப்பட்டது’, 1 என்றால் ‘போடப்படவில்லை’. நம் பழக்கத்துக்கு நேர் எதிர். கட்டங்களில் டிக் போடச் சொல்லும் மென்பொருள்களில், தெரியாமல் கடிகாரத்துக்குரிய நான்கு கட்டங்களிலும் டிக் போட்டுவிட்டால் நான்கும் 0 ஆகிவிடும். ‘உள்ளே இருக்கும் கடிகாரம் வேண்டாம், வெளியிலிருந்து துடிப்பு வரும், காத்திரு’ என்று அதற்குப் பொருள். சிப் காத்திருக்கும். வெளியே எதுவும் இல்லை. துடிப்பில்லாத சிப் 83 சொல்லாது. ஃபியூஸைத் திருத்தலாம் என்றால் அதற்கும் அதனிடம் பேசியாக வேண்டும், பேச அதற்குத் துடிப்பு வேண்டும்.

இந்த நிலையில் ‘சிப் போயிடுச்சு’ என்று வீசுகிறவர்கள்தான் அதிகம். அது போகவில்லை. ஒன்பதாவது காலில், வேறொரு அர்டுயினோவிலிருந்தோ 555 டைமரிலிருந்தோ ஒரு சதுர அலையைக் கொடுத்தால் போதும். கடன் வாங்கிய துடிப்பில் எழுந்து பதில் சொல்லும். அந்த அலை எவ்வளவு மெதுவோ அதற்கேற்பப் புரோகிராமரையும் மெதுவாக்க வேண்டும், மேலே சொன்ன நான்கால் வகுக்கும் கணக்குப்படி. பேசத் தொடங்கியதும் கடிகார ஃபியூஸை 98 என்ற தொழிற்சாலை எண்ணுக்கு மாற்றிவிட்டால் தன் துடிப்பில் நடக்கும். படிகக் கடிகாரம் வேண்டும் என்று ஃபியூஸை மாற்றிவிட்டுப் படிகத்தை வைக்காதவர்களுக்கும் இதே வைத்தியம். அல்லது 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றும் 22 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டும் வாங்கி 9, 10 கால்களில் வைத்துவிடலாம்.

கடைசியாக ஒரு பூட்டு இருக்கிறது, அதைச் சாதாரணப் புரோகிராமரால் திறக்க முடியாது. ஆட்டினி85 என்ற எட்டுக் கால் சிப்பில்தான் இது அடிக்கடி நடக்கும். மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் இரண்டு கால் போக ஆறுதான் மிச்சம், அதிலும் ஒன்று ரீசெட். இன்னொரு விளக்கை ஓட்ட ஒரு கால் குறைகிறதே என்று ரீசெட்டைச் சாதாரணக் காலாக மாற்றும் ஃபியூஸைப் போட்டுவிட்டால், அந்த நிமிடமே பேச்சு முறிந்தது. 172 சொல்லத் தொடங்குவதற்கே ரீசெட் ஒயரைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும், பிடிக்க இப்போது ஒயர் இல்லை. இதற்கென்று அட்மெல் தனி வாசல் வைத்திருக்கிறது. அதே காலில் 5 வோல்ட்டுக்குப் பதில் 11.5-க்கும் 12.5-க்கும் இடைப்பட்ட மின்னழுத்தத்தைக் கொடுத்தால், எந்த ஃபியூஸ் எப்படி இருந்தாலும் சிப் கட்டளைக்குப் பணியும். அங்கிருந்து எல்லா ஃபியூஸையும் தொழிற்சாலை நிலைக்கே திருப்பலாம். ஒரு அர்டுயினோ, ஒரு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், 12 வோல்ட் அடாப்டர், இவ்வளவுதான் தேவை. ஆட்மெகா328பிக்கும் இந்த வழி உண்டு, ஒயர்கள்தான் நிறைய வேண்டும். எதுவானாலும் சிப்பைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்தப் 12 வோல்ட் பக்கத்தில் ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் 5 வோல்ட் ஐசிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும்.